எஸ்க்யூஎல் குவெரி எழுத மலிவான ஆட்டோகம்ப்ளீட் கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், சிறிய கம்பெனியில் டேட்டாபேஸைத் தனியாளாகப் பார்த்துக்கொள்பவர்கள், எக்செல்லை விட்டு எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் மொழி) பக்கம் வந்திருக்கும் கணக்குப் பிரிவு நண்பர்கள் என எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. எளிய சந்தேகங்கள் முதலில், சிக்கலானவை போகப்போக வரும்.

ஆட்டோகம்ப்ளீட்டுக்குன்னு தனியா ஒரு டூல் வாங்கணுமா சார்?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். டேபிள் பெயரில் இரண்டு எழுத்து அடித்ததும் மீதியைக் காட்டுவது, புள்ளி வைத்ததும் அந்த டேபிளின் ஃபீல்டுகளை வரிசையாகத் தருவது, ஜாயின் (இரண்டு டேபிள்களைச் சேர்ப்பது) நிபந்தனையை எடுத்துக்கொடுப்பது ஆகியவைதான் அன்றாடம் தேவைப்படும். நீங்கள் குவெரி ஓட்டும் மென்பொருளிலேயே இவை இருக்கும். மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்ச், பிஜிஅட்மின், ஆரக்கிள் எஸ்க்யூஎல் டெவலப்பர், எஸ்எஸ்எம்எஸ் (எஸ்க்யூஎல் சர்வருக்கான மைக்ரோசாஃப்டின் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ) எல்லாமே இலவசம், எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. பலர் கண்ட்ரோல் + ஸ்பேஸ் அழுத்திப் பார்க்காததால் அது இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். கருவி டேட்டாபேஸோடு இணைந்ததும், அங்கிருக்கும் டேபிள், ஃபீல்டு, வியூ பெயர்களை எல்லாம் வாங்கித் தன்னிடம் ஒரு பிரதியாக வைத்துக்கொள்கிறது. நீங்கள் அடிக்கும் குவெரியையும் படித்துக்கொண்டே வருகிறது. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் பெயர்களைக் காட்டுகிறது. அந்தப் பிரதி பழசாகிவிட்டாலோ, குவெரி அரைகுறையாக இருந்தாலோ பரிந்துரையும் சொதப்பும். கருவியின் விலைக்கும் இதற்கும் அநேகமாகச் சம்பந்தமே கிடையாது.

ஒரு பைசா செலவில்லாம எது நல்லா இருக்கும்? ஒரே ஒரு பேர் சொல்லுங்க.

டிபீவர் கம்யூனிட்டி. இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் என ஜேடிபிசி டிரைவர் (ஜாவா மென்பொருளை டேட்டாபேஸோடு இணைக்கும் துண்டு) உள்ள எதனோடும் சேரும். இரண்டு மூன்று வகை டேட்டாபேஸைத் தொட வேண்டிய வேலையில் இருப்பவர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மென்பொருளைப் பழகாமல் இது ஒன்றிலேயே எல்லாவற்றையும் முடிக்கலாம்.

நிறுவியதும் அமைப்புகளில் எஸ்க்யூஎல் எடிட்டர் பகுதிக்குப் போய், டேபிள் பெயரோடு ஏலியாஸையும் (டேபிளுக்கு வைக்கும் சுருக்கப் பெயர்) சேர்த்துப் போடும் தேர்வை இயக்கிவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் நீளமான ஜாயின்களில் கை வலிக்காமல் காப்பாற்றும். மோங்கோடிபி போன்றவை வேண்டுமென்றால்தான் இதன் காசுப் பதிப்புக்குப் போக வேண்டியிருக்கும்.

எங்க ஆபீஸ்ல எஸ்க்யூஎல் சர்வர்தான். எஸ்எஸ்எம்எஸ் போதாதா?

போதும். 2008 பதிப்பிலிருந்தே அதில் இன்டெலிசென்ஸ் (மைக்ரோசாஃப்ட் தன் ஆட்டோகம்ப்ளீட்டுக்கு வைத்த பெயர்) இருக்கிறது. கண்ட்ரோல் + கே, அடுத்து கண்ட்ரோல் + எக்ஸ் அழுத்தினால் ஆயத்த நிரல் துண்டுகள் வரும். பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. இடப்பக்கம் ஆப்ஜெக்ட் எக்ஸ்ப்ளோரரில் ஒரு டேபிளை விரித்தால், அதற்குள் ஃபீல்டுகள் அடங்கிய கோப்புறை தெரியும். அந்தக் கோப்புறையை அப்படியே மவுஸால் இழுத்து வந்து குவெரி எழுதும் இடத்தில் விட்டால், எல்லா ஃபீல்டுகளும் காற்புள்ளி போட்டு வரிசையாக விழும். நாற்பது ஃபீல்டு உள்ள டேபிளுக்கு இதைவிட வேகமான வழி இல்லை.

எஸ்எஸ்எம்எஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். மேக் வைத்திருப்பவர்கள் முன்பு அஸூர் டேட்டா ஸ்டூடியோவைப் போட்டுக்கொண்டார்கள். அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2026 பிப்ரவரி 28 உடன் நிறுத்துவதாக அறிவித்து, தன் இலவச நிரல் எடிட்டரான விஎஸ் கோடில் எம்எஸ்எஸ்க்யூஎல் நீட்சியைப் (எக்ஸ்டென்ஷன்) போட்டுக்கொள்ளச் சொன்னது. இனிப் புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக விஎஸ் கோடுக்கே போவது நல்லது.

இப்பதான் டேபிள் கிரியேட் பண்ணினேன். உடனே சிவப்புக் கோடு போட்டு அப்படி ஒரு டேபிளே இல்லைங்குது. ஏன் அண்ணா?

கருவி கையில் வைத்திருக்கும் பிரதி பழசு, அவ்வளவுதான். எஸ்எஸ்எம்எஸ்ஸில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஆர் அழுத்துங்கள். டிபீவரில் இடப்பக்கப் பட்டியலில் கனெக்ஷனைத் தேர்ந்தெடுத்து எஃப்5. விஎஸ் கோடில் கட்டளைப் பெட்டியைத் திறந்து இன்டெலிசென்ஸ் கேஷைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுங்கள்.

அப்படியும் வரவில்லையா? அடுத்து எந்த டேட்டாபேஸில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். எஸ்எஸ்எம்எஸ்ஸின் மேல்பக்கப் பெட்டியில் மாஸ்டர் (சர்வர் தன் வேலைக்கு வைத்திருக்கும் டேட்டாபேஸ்) என்று இருந்தால் உங்கள் டேபிள் எதுவுமே வராது. புதியவர்கள் "இன்டெலிசென்ஸ் வேலை செய்யல" என்று சொல்லும்போது நான் முதலில் பார்ப்பது இந்தப் பெட்டியைத்தான். அதுவும் சரியாக இருந்தால் எஸ்க்யூஎல்சிஎம்டி மோடு (கட்டளை வரிக் கருவியின் கட்டளைகளையும் ஏற்கும் முறை) இயங்கிக்கொண்டிருக்கலாம். அந்த மோடில் இன்டெலிசென்ஸ் வராது. கடைசியாக அனுமதி. எஸ்க்யூஎல் சர்வரிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் உங்கள் யூசருக்கு உரிமையில்லாத டேபிளின் பெயர்கூடக் கண்ணுக்குத் தெரியாது. டிபிஏவிடம் (டேட்டாபேஸ் நிர்வாகி) கேட்டு வாங்குவதுதான் வழி.

செலக்ட்னு அடிச்சு ஸ்பேஸ் விட்டா ஃபீல்டு பேரே வரமாட்டேங்குது. காசு குடுக்கிற டூல்ல வருமா?

இந்த ஒரு காரணத்துக்காகவே காசு கொடுத்துக் கருவி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் யோசியுங்கள். எஸ்க்யூஎல்லில் எந்த ஃபீல்டு வேண்டும் என்பதை முதலில் எழுதுகிறோம். எந்த டேபிள் என்பதை அப்புறம்தான் சொல்கிறோம். செலக்ட் என்று அடித்து நிற்கும்போது நீங்கள் எந்த டேபிளைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? சில கருவிகள் டேட்டாபேஸில் இருக்கும் எல்லா ஃபீல்டையும் கொட்டும், சில சும்மா இருக்கும்.

வழி ரொம்ப எளிது. முதலில் செலக்ட், நட்சத்திரக் குறி, ஃப்ரம், டேபிள் பெயர், ஏலியாஸ் என்று ஒரு வரியை முழுசாக எழுதுங்கள். ஜாயின்களையும் போட்டுவிடுங்கள். அதன்பிறகு கர்சரைத் திரும்ப மேலே கொண்டுபோய், நட்சத்திரத்தை அழித்துவிட்டு, ஏலியாஸ் அடித்துப் புள்ளி வையுங்கள். அந்த டேபிளின் ஃபீல்டுகள் மட்டும் அழகாக வரும். எந்த இலவசக் கருவியிலும் இது நடக்கும். இரண்டு நாள் வித்தியாசமாக இருக்கும், அப்புறம் கை தானாகவே அப்படித்தான் போகும்.

டக்டிபி என்ற சின்ன டேட்டாபேஸ் இந்தச் சங்கடத்தை மொழியிலேயே தீர்த்துவிட்டது. அதில் ஃப்ரம்மை முதலில் எழுதி, செலக்ட்டைப் பின்னால் போடலாம். சிஎஸ்வி கோப்புகளை வைத்துக்கொண்டு எஸ்க்யூஎல் பழகுபவர்களுக்கு டக்டிபியைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். அதுவும் இலவசம், அதன் டெர்மினலிலேயே ஆட்டோகம்ப்ளீட்டும் இருக்கிறது.

என் லேப்டாப் பழசு, 4 ஜிபி ரேம்தான். டிபீவர் திறந்தாலே மூச்சு வாங்குது.

டிபீவர் ஜாவாவில் எழுதப்பட்டது, கொஞ்சம் கனம்தான். விண்டோஸில் மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் பார்ப்பவர்களுக்கு ஹெய்டிஎஸ்க்யூஎல் இலகுவாக ஓடும்.

டெர்மினலுக்குப் பயப்படாதவர் என்றால் பிஜிசிஎல்ஐ (போஸ்ட்கிரெஸ்), மைசிஎல்ஐ (மைஎஸ்க்யூஎல்), லைட்சிஎல்ஐ (எஸ்க்யூலைட்) மூன்றையும் பாருங்கள். பைத்தானில் எழுதப்பட்ட சின்னக் கருவிகள், பிப் என்ற பைத்தான் நிறுவி மூலம் நிறுவலாம். அடிக்க அடிக்கக் கீழே பட்டியல் விரியும், எழுத்துகள் வண்ணத்தில் தெரியும். பிஜிசிஎல்ஐயில் எஃப்2 அழுத்தினால் ஸ்மார்ட் கம்ப்ளீஷனை இயக்கலாம், அணைக்கலாம். இயக்கினால் குவெரியில் நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பொருந்துவதை மட்டும் காட்டும். ரிமோட் சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியாக மட்டும் நுழைய முடிகிறவர்களுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

எனக்கு இருக்கிறது ஷேர்ட் ஹோஸ்டிங். பிஎச்பிமைஅட்மின் மட்டும்தான் குடுத்திருக்காங்க.

அதன் எஸ்க்யூஎல் பெட்டியிலேயே கண்ட்ரோல் + ஸ்பேஸ் அழுத்திப் பாருங்கள். டேபிள், ஃபீல்டு பெயர்களையும் காட்டுவதற்குத் தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது. ஹோஸ்டிங்காரர் வெளியிலிருந்து இணைய அனுமதித்திருந்தால், உங்கள் ஐபி முகவரியை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்து, டிபீவரிலிருந்தே இணைந்துகொள்ளலாம்.

கண்ட்ரோல் ஸ்பேஸ் அழுத்தினா லிஸ்ட் வராம கீபோர்டு தமிழுக்கு மாறுது!

தமிழிலும் தட்டச்சு செய்கிற நம்மில் பலருக்கு இருக்கும் பிரச்சினை இது. மேக்கில் இரண்டு உள்ளீட்டு மொழிகளை வைத்திருந்தால், மொழி மாற்றும் குறுக்குவிசை கண்ட்ரோல் + ஸ்பேஸ்தான். லினக்ஸில் எஃப்சிஐடிஎக்ஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு மென்பொருளைப் போட்டிருந்தாலும் இயல்பாக அதே விசைதான். இயங்குதளம் முதலில் பிடித்துக்கொள்வதால் குவெரி கருவிக்கு அந்த அழுத்தம் போய்ச் சேர்வதே இல்லை.

மேக்கில் கீபோர்டு அமைப்புகளுக்குள் குறுக்குவிசைகள் பகுதிக்குப் போய், உள்ளீட்டு மொழி மாற்றும் விசையை வேறொன்றாக மாற்றிவிடுங்கள். அலுவலகக் கணினியில் அதற்கு அனுமதி இல்லையென்றால் மறுபக்கத்தை மாற்றுங்கள். டிபீவர், விஎஸ் கோடு இரண்டிலும் ஆட்டோகம்ப்ளீட் விசையை நாமே வைத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்எம்எஸ்ஸில் கண்ட்ரோல் + ஜே அழுத்தினாலும் பட்டியல் வரும்.

ஜாயின் அடிச்சா ஆன் கண்டிஷன் தானாவே வரும்னு ஃப்ரெண்டு சொன்னான். எனக்கு வரவே இல்லையே?

உங்கள் நண்பரின் டேபிள்களில் ஃபாரின் கீ (ஒரு டேபிள் இன்னொன்றைச் சுட்டும் பதிவு) இருக்கும், உங்களுடையதில் இருக்காது. கருவி ஆன் நிபந்தனையைக் கற்பனையில் எழுதுவதில்லை. ஆர்டர் டேபிளின் கஸ்டமர் எண், கஸ்டமர் டேபிளின் எண்ணைச் சுட்டுகிறது என்று டேட்டாபேஸிலேயே பதிவாகியிருந்தால்தான் அதை எடுத்துக்கொடுக்கும். பதிவில்லை என்றால் ஒரே பெயருள்ள ஃபீல்டுகளைப் பார்த்து ஊகிக்கும், அல்லது பேசாமல் இருந்துவிடும்.

பழைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்களில் இது அதிகம். 2010இல் வந்த 5.5 பதிப்புக்கு முன்பு இயல்பான சேமிப்பு இன்ஜின் மைஐசாம். அதில் ஃபாரின் கீ எழுதினால் பிழை சொல்லாமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் சேமிக்காது. எழுதியவர் இருக்கிறதென்றே நினைத்துக்கொண்டிருப்பார். அந்தக் காலத்து டேபிள்களை அப்படியே இழுத்துக்கொண்டு வந்த கம்பெனிகளில் இன்றும் எந்த டேபிள் எதோடு சேரும் என்பது ஒருவர் இருவருடைய தலைக்குள் மட்டுமே இருக்கிறது.

முடிந்தால் உண்மையான ஃபாரின் கீயைச் சேருங்கள். ஏற்கெனவே உள்ள தவறான பதிவுகளைச் சுத்தம் செய்த பிறகே அது ஏறும், அதனால் டிபிஏவோடு பேசித் திட்டமிட வேண்டும். டேட்டாபேஸைத் தொட அனுமதியில்லை என்றால் டிபீவரிலும் ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனத்தின் டேட்டாகிரிப் என்ற கருவியிலும் விர்ச்சுவல் ஃபாரின் கீ என்று ஒன்று இருக்கிறது. உறவை உங்கள் கருவியில் மட்டும் பதிவு செய்யலாம், சர்வரில் எதுவும் மாறாது. ஒரு மதியம் உட்கார்ந்து முக்கியமான டேபிள்களுக்கு மட்டும் போட்டுவிட்டால் அடுத்த நாளிலிருந்து பலன் தெரியும்.

டேட்டாகிரிப் இப்ப இலவசமாமே, ஆபீஸ் லேப்டாப்ல போட்டுக்கலாமா?

ஜெட்பிரெய்ன்ஸ் 2025 அக்டோபரில் டேட்டாகிரிப்பை வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசமாக்கியது. படிப்பதற்கு, சொந்த விருப்பத்துக்குச் செய்யும் புராஜெக்ட்டுக்கு எனத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பெயர் விவரம் இல்லாத பயன்பாட்டுத் தகவல்களை நிறுவனம் சேகரிக்கும், அந்த உரிமத்தில் அதை அணைக்க முடியாது. சம்பளம் வாங்கும் வேலைக்கு அது செல்லாது, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் குழுவில் அதே நிறுவனத்தின் இன்டெல்லிஜே அல்டிமேட்டோ பிஎச்பிஸ்டார்மோ ஏற்கெனவே வாங்கியிருந்தால், டேட்டாகிரிப்பின் டேட்டாபேஸ் வசதிகள் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்துக் காசு கட்டும் குழுக்கள் இருக்கின்றன. கருவியைப் பொறுத்தவரை எனக்கு ஐயமே இல்லை: ஸ்கீமாவை (டேபிள், ஃபீல்டுகளின் அமைப்பு) புரிந்துகொண்டு பரிந்துரைப்பதில் நான் பயன்படுத்தியவற்றில் இதுதான் முதலிடம். நாள் முழுக்க எஸ்க்யூஎல் எழுதுபவருக்கு அந்தக் காசு தகும்.

எஸ்க்யூஎல் ப்ராம்ப்ட் வாங்கித் தரச் சொல்லி மேனேஜர்கிட்ட கேக்கலாமா?

ரெட்கேட்டின் எஸ்க்யூஎல் ப்ராம்ப்ட், எஸ்எஸ்எம்எஸ்ஸுக்குள் உட்கார்ந்து வேலை செய்யும் நீட்சி. ஆளுக்கு ஆண்டுச் சந்தா. நட்சத்திரக் குறிக்குப் பின் டேப் அழுத்தினால் எல்லா ஃபீல்டுகளாக விரியும். எஸ்எஸ்எஃப் என்ற மூன்று எழுத்தை அடித்து டேப் அழுத்தினால் செலக்ட், நட்சத்திரம், ஃப்ரம் மூன்றும் வரும். ஒழுங்கில்லாத குவெரியை நேர்த்தியாக அடுக்கித் தரும். வேர் (WHERE) நிபந்தனை இல்லாத டெலீட்டை ஓட்டப்போனால் தடுத்துக் கேட்கும். கடைசியாகச் சொன்னது ஒருமுறை பலித்தாலே சந்தாவுக்கான காசு வந்துவிடும்.

ஆனாலும் கேட்கும் முன் ஒரு வாரம் எஸ்எஸ்எம்எஸ்ஸையே மேலே சொன்ன வழிகளில் ஓட்டிப் பாருங்கள். எங்கே கை தடுமாறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சோதனைப் பதிப்பை நிறுவி, அந்தத் தாளில் இருப்பவை தீர்கின்றனவா என்று பாருங்கள். அந்தத் தாளோடு போனால் மேனேஜரும் காது கொடுத்துக் கேட்பார்.

காபிலட் இலவசத் திட்டம் குவெரிக்குப் போதுமா அக்கவுண்ட் மட்டும் போட்டா?

நிரல் எழுதித் தரும் ஏஐ கருவியான கிட்ஹப் காபிலட்டின் இலவசத் திட்டம் 2024 டிசம்பரில் வந்தபோது மாதத்துக்கு 2000 பரிந்துரைகள், 50 உரையாடல்கள் என்ற வரம்பு இருந்தது. எஸ்க்யூஎல் மட்டும் எழுதுபவருக்கு அந்த அளவே மாதத்தை ஓட்டிவிடும். வரம்புகள் அடிக்கடி மாறுவதால் சேரும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இது இதுவரை சொன்னவற்றிலிருந்து வேறு ஜாதி. டிபீவர் உங்கள் ஸ்கீமாவில் இருக்கும் பெயரை மட்டும்தான் காட்டும். ஏஐ, அடுத்து என்ன வரக்கூடும் என்று கணித்து எழுதும். அதனால் முழு குவெரியையும் ஒரே மூச்சில் தர முடியும், இல்லாத ஃபீல்டையும் அதே உறுதியோடு எழுதிவைக்கும்.

ஆமா, இல்லாத ஃபீல்டு பேரா எழுதுது! அதை நிறுத்த முடியாதா?

அதற்கு உங்கள் ஸ்கீமா தெரியாது, நீங்கள்தான் காட்ட வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜிடம்ப் கருவியை "ஸ்கீமா மட்டும்" என்ற தேர்வோடும், மைஎஸ்க்யூஎல் என்றால் மைஎஸ்க்யூஎல்டம்ப்பை "டேட்டா வேண்டாம்" என்ற தேர்வோடும் ஓட்டினால், கிரியேட் டேபிள் வரிகள் மட்டும் உள்ள கோப்பு கிடைக்கும். அதில் உங்களுக்குத் தேவையான பத்து, பதினைந்து டேபிள்களை மட்டும் வைத்து, விஎஸ் கோடில் பக்கத்துத் தாவலில் திறந்து வையுங்கள். பரிந்துரைகள் உடனே திருந்தும். குவெரி கோப்பின் முதல் வரியில் "இது போஸ்ட்கிரெஸ் 16" என்பது போல ஒரு கமெண்ட் போடுங்கள். இல்லையென்றால் லிமிட் (எத்தனை வரி வேண்டும் என்று சொல்வது) வர வேண்டிய இடத்தில் எஸ்க்யூஎல் சர்வரின் டாப் வந்து நிற்கும்.

ஆபீஸ் டேட்டா வெளியே போயிடாதா? எங்க ஐடி டிபார்ட்மென்ட் கேட்டா என்ன சொல்றது?

கிளவுடில் (இணையம் வழியே வேறிடத்துச் சர்வரில்) இருக்கும் ஏஐ கருவி, நீங்கள் எழுதும் கோப்பில் கர்சரைச் சுற்றியுள்ள பகுதியையும் திறந்திருக்கும் வேறு கோப்புகளின் துண்டுகளையும் அனுப்பும். டேபிளுக்குள் இருக்கும் பதிவுகளை அது தானாகப் போய்ப் படிப்பதில்லை. ஆனால் நாமே கொடுத்துவிடுகிறோம். வேர் நிபந்தனையில் ஒரு வாடிக்கையாளரின் போன் நம்பரையோ ஆதார் எண்ணையோ ஒட்டினால் அதுவும் சேர்ந்து போகும். ரிசல்ட்டை நகலெடுத்துக் கமெண்ட்டாக வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் மோசம். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் வெறும் அலுவலக ஒழுங்குப் பிரச்சினையாக விட்டுவைக்கவில்லை.

ஐடி துறையிடம் கேட்காமல் போடாதீர்கள். மருத்துவமனை, வங்கி, அரசு சம்பந்தப்பட்ட புராஜெக்ட் என்றால் ஸ்கீமாவை வெளியே அனுப்புவதற்கே எழுத்தில் அனுமதி வேண்டும். ஏஐ இல்லாத சாதாரண ஆட்டோகம்ப்ளீட்டில் இந்தக் கவலை இல்லை. அது உங்கள் கணினிக்கும் சர்வருக்கும் நடுவிலேயே முடிந்துவிடுகிறது.

அப்ப நம்ம மெஷின்லயே ஏஐ மாடலை ஓட்ட முடியுமா?

முடியும், இலவசமாகவே. ஒல்லாமா என்ற மென்பொருளை நிறுவி, க்வென் 2.5 கோடர் மாடலை இறக்கி, விஎஸ் கோடில் கன்டினியூ நீட்சியைப் போட்டு இணைத்தால் போதும். எதுவும் வெளியே போகாது. 7 பில்லியன் அளவுருக்கள் (பாராமீட்டர்) கொண்ட மாடல் ஏறத்தாழ 4.7 ஜிபி இறங்கும், 16 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் அது ஒவ்வொரு வரிக்கும் யோசித்துக்கொண்டு நிற்கும். அங்கே 1.5 பில்லியன் மாடலை வைத்துக்கொள்ளுங்கள். வரியை முடித்துக்கொடுக்க அது போதும், சிக்கலான குவெரியை எதிர்பார்க்காதீர்கள். ஸ்கீமா கோப்பு காட்டும் வேலை இங்கேயும் உண்டு.

சந்தா கட்டலாம்னு பாத்தா கார்டே ஏத்துக்க மாட்டேங்குது.

இந்திய அட்டைகளில் இரண்டு இடத்தில் மாட்டும். வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையைப் பல அட்டைகளில் நாமே வங்கிச் செயலிக்குள் போய் இயக்க வேண்டும். இயக்கியும் மாதாமாதம் நிற்கிறது என்றால், 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி காரணமாக இருக்கலாம். தானாகப் பிடிக்கும் கட்டணத்துக்கு இ-மேண்டேட் (முன்கூட்டியே தரும் மின்னணு ஒப்புதல்) பதிவு வேண்டும். விற்பவர் அந்த ஏற்பாட்டில் இல்லையென்றால் வங்கி மறுத்துவிடும்.

மாதச் சந்தாவை விட்டு ஆண்டுக் கட்டணமாக ஒரே தடவை ஓடிபி போட்டுக் கட்டுவது எளிய வழி. கம்பெனிக்கு என்றால் இந்திய மறுவிற்பனையாளரிடம் ரூபாயில் வாங்குங்கள். ஜிஎஸ்டி ரசீது கிடைக்கும், கணக்குப் பிரிவும் சந்தோஷப்படும். விலையை ஒப்பிடும்போது டாலர் விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி, வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கிராக் பண்ணின வெர்ஷன் கிடைக்குது. ஒரு ரெண்டு மாசம் ஓட்டிக்கலாமே?

வேண்டவே வேண்டாம். சர்வர் முகவரி, யூசர் பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் நீங்களே கொடுத்து வைக்கும் மென்பொருள் இது. அதை யாரோ திறந்து மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். இலவசமாகவே இவ்வளவு நல்ல கருவிகள் இருக்கும்போது கம்பெனியின் முழு டேட்டாபேஸையும் அடமானம் வைக்க என்ன அவசியம்?

டூல் குடுத்த ஜாயின் சரியாத்தான் ஓடுது. ஆனா டோட்டல் டபுளா வருது அண்ணா, எப்படி?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு பில் 10,000 ரூபாய். வாடிக்கையாளர் 6,000, 4,000 என இரண்டு தவணையில் கட்டியிருக்கிறார். பில் டேபிளையும் ரசீது டேபிளையும் சேர்த்தால் அந்தப் பில் இரண்டு வரிகளாக வரும், ஒவ்வொன்றிலும் 10,000 என்று இருக்கும். பில் தொகையைக் கூட்டினால் 20,000. ஃபாரின் கீ சரி, ஆன் நிபந்தனை சரி, இலக்கணப் பிழை எதுவும் இல்லை. விடை மட்டும் தப்பு. எந்தக் கருவியும் இதற்குச் சிவப்புக் கோடு போடாது.

கூட்டும்போது டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒன்றை மட்டும் எடுக்கும் சொல்) போட்டுச் சமாளிக்கப் பார்ப்பார்கள். அது வேறொரு தவறைக் கொண்டுவரும். ஒரே தொகைக்கு இரண்டு வெவ்வேறு பில் இருந்தால் ஒன்று காணாமல் போகும். சரியான வழி, முதலில் ரசீது டேபிளைப் பில் எண் வாரியாக குரூப் பை செய்து ஒரு பில்லுக்கு ஒரே வரியாக்கி, அதன்பிறகு பில் டேபிளோடு சேர்ப்பது. ஏஐ எழுதித் தந்த குவெரியில் இதைக் கட்டாயம் பாருங்கள். ஜாயினுக்கு முன்னும் பின்னும் வரிகளின் எண்ணிக்கையை எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ப்ரொடக்ஷன்ல தெரியாம ஓட்டிடுவேனோன்னு பயமா இருக்கு.

நியாயமான பயம். ஆட்டோகம்ப்ளீட் வந்த பிறகு கை மூளையைவிட வேகமாகப் போகிறது. டிபீவரில் ப்ரொடக்ஷன் (நிஜ டேட்டா உள்ள சர்வர்) கனெக்ஷனை ரீட் ஒன்லியாக வைக்கலாம், வேறு நிறமும் கொடுக்கலாம். எஸ்எஸ்எம்எஸ்ஸிலும் கனெக்ஷனுக்கு நிறம் வைக்கும் வசதி உண்டு. சிவப்பு கண்ணில் பட்டதும் கை நிற்கும். அதைவிட உறுதியானது, படிக்க மட்டும் உரிமையுள்ள யூசரை டிபிஏவிடம் தனியாக வாங்கி அன்றாட வேலைக்கு அதையே வைத்துக்கொள்வது.

டேபிள் பேரைச் சுத்தி மேற்கோள்குறி போட்டுத் தருது. அதை எடுத்தா டேபிளே இல்லைங்குது. என்ன கூத்து இது?

போஸ்ட்கிரெஸ் என்று நினைக்கிறேன். மேற்கோள் இல்லாமல் எழுதும் பெயரை எல்லாம் அது சின்ன எழுத்தாக்கிவிடும். யாரோ ஓஆர்எம் (நிரலிலிருந்தே டேபிள்களைக் கையாளும் மென்பொருள்) வழியாகப் பெரிய எழுத்து கலந்த பெயரில் டேபிளை உருவாக்கியிருக்கிறார்கள். அந்தப் பெயரை மேற்கோளோடு சொன்னால்தான் அது கண்டுபிடிக்கும். ஆரக்கிளில் இதற்கு நேர்மாறு, மேற்கோள் இல்லாதவற்றைப் பெரிய எழுத்தாக்கும். கருவி சரியாகத்தான் செய்கிறது, அது போட்டதை விட்டுவிடுங்கள்.

மைஎஸ்க்யூஎல்காரர்களுக்கு இதிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. விண்டோஸில் டேபிள் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. லினக்ஸ் சர்வரில் இயல்பாகவே பார்க்கும். உங்கள் லேப்டாப்பில் ஓடிய குவெரி சர்வரில் டேபிள் இல்லை என்று சொன்னால் முதலில் இதைச் சோதியுங்கள். அந்தச் சர்வரோடு இணைந்து, டேபிள் பெயரைக் கையால் அடிக்காமல் பட்டியலிலிருந்தே எடுத்துப் போட்டால், அங்கே எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் வந்து விழும்.